வாசகர் கேள்வி பதில்: மனித வளமா, கணக்கியலா?

கேள்வி: உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, இப்போது முகாமைத்துவ பீடத்தில் முதலாம் வருடம். மனித வள முகாமைத்துவத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்க ஆசை. "அது வாய் உள்ளவன் படிக்கிற படிப்பு, நீ கணக்கியல் எடு" என்கிறார் மாமா. தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் வேலை கிடைக்குமா அக்கா?
வாசகி, தலவாக்கலை

பதில்: மாமா கோபித்தாலும் பரவாயில்லை தங்கச்சி, இது வாயை வைத்துப் பிழைக்கிற படிப்பு இல்லை. ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது எல்லாம் வரும்தான், ஆனால் உங்களைப் பாடாய்ப் படுத்தப் போவது சம்பளக் கணக்கும் தொழிற் சட்டமும். வீட்டில் யாருடைய சம்பளத் துண்டையாவது வாங்கிப் பாருங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிந்திருக்கும், சம்பளம் 25,000 ரூபாய் என்றால் 2,000. அதற்கு மேல் தோட்டம் தன் பங்காக 12 வீதம், அதாவது 3,000 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதி என்று இன்னொன்று, அதற்கான 3 வீதம் முழுக்க முதலாளி தலையில், அதைத் தொழிலாளியிடம் கழிக்கவே கூடாது. அப்புறம் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம்: 5 வருடம் முடித்தவர் விலகினால், நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். இதில் ஒரு வருடத்தை விட்டுவிட்டால் அடிபடுவது முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒருவரின் காசு. கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருவதென்றால் வராதீர்கள்.

தொழில் உறவுகள் பாடத்தில் மட்டும் உங்களுக்கு ஒரு வாசி உண்டு. பறித்த கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், அதற்குத் தொழிற்சங்கத் தலைவர் போய்த் தோட்டத் துரையிடம் கதைப்பது, சரிவராவிட்டால் அடுத்த நாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் ஆளே இல்லாதது, இதெல்லாம் நீங்கள் பார்த்து வளர்ந்தது. தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருந்த நாட்சம்பளம் 2021இல் அரசின் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபாயானதே, அது ஏன் அப்படிப் போனது என்று தேடிப் படித்தாலே ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை எழுதலாம்.

வேலையா? தோட்டத்துக்குள்ளேயே தேடினால் ஏமாறுவீர்கள், அங்கே ஆள் விவகாரம் இன்னும் துரைமார் கையில்தான். ஆடைத் தொழிற்சாலை, ஹோட்டல், வங்கி என்று பாருங்கள். ஆனால் சிங்களம் எழுதப் பழகியே ஆக வேண்டும். ஒருவரை விசாரணைக்குக் கூப்பிட்டு அவர் சொல்வதைப் பதியும்போது பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: பல்கலைக்கழகம் போக உயர்தர இசட் புள்ளி போதவில்லை. மனித வளம் படிக்க வேறு வழி?
வாசகர், பண்டாரவளை

பதில்: இருக்கிறதே. 1959இல் தொடங்கிய, மனித வளத் துறைக்கான சீ.ஐ.பி.எம். (CIPM) நிறுவகம் இதற்கென்றே பாடநெறி நடத்துகிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவப் பட்டம் உண்டு, கண்டியில் அதற்குப் பிராந்திய நிலையமும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் "குறுகிய காலத்தில் பட்டம்" நோட்டீஸை நம்பிக் காசு கட்டும் முன், அந்தப் பட்டத்தை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள்.