குண்டு மட்டும் மாற்றினால் போதுமா, ஹப்பையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 28 இன்ச் சைக்கிளை இப்போது நான் ஓட்டுகிறேன். பின் சக்கரம் கரகரவென்று சத்தம் போடுகிறது, பிடித்து அசைத்தால் லேசாக ஆடுகிறது. ஒரு கடையில் ஹப்பையே (சக்கரத்தின் நடுவில் அச்சு ஓடும் குடம்) மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் பால்ரஸ் குண்டு மாற்றினால் போதும் என்கிறார்கள். யாரை நம்புவது? குண்டு வாங்குவதென்றால் எந்த அளவு, எத்தனை?
வாசகர், திண்டுக்கல்

பதில்: அச்சைக் கழற்றிப் பார்க்காமல் சொல்லியிருந்தால் இரண்டு பேரையுமே நம்ப வேண்டாம். இதில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது கோன். அச்சின் இரு பக்கமும் மரையில் ஏறி நிற்கும் அந்தக் கோனைத் துடைத்துவிட்டு, குண்டுகள் ஓடிய தடத்தைப் பாருங்கள். ஒரே சீராகப் பளபளவென்று கோடு தெரிந்தால் கோன் நன்றாக இருக்கிறது. புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் போய்விட்டது. கண்ணுக்குப் பிடிபடவில்லையா? பால்பாயிண்ட் பேனா முனையைத் தடத்தின்மேல் மெதுவாக ஓட்டுங்கள், குழி இருந்தால் முனை தட்டும். குழி விழுந்த கோனில் எவ்வளவு நல்ல குண்டு போட்டாலும் சீக்கிரமே பழைய சத்தம் திரும்பி வரும்.

கோன் கெட்டிருந்தால் கோனை மாற்றுங்கள். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், மரை ஒத்துப்போக வேண்டும். ஹப்பின் உள்ளே குண்டுகள் உட்காரும் கப்பிலும் குழி இருந்தால்தான் ஹப் மாற்றும் பேச்சே வர வேண்டும். ஏனென்றால் ஹப்பை மாற்ற போக்ஸ் கம்பி அத்தனையும் கழற்றி, மறுபடி கோர்த்து, கோட்டம் எடுக்க வேண்டும். பொருளின் விலையோடு அந்தக் கூலியும் சேரும்.

கோன் எப்படி இருந்தாலும் குண்டை மாற்றிவிடுங்கள். ஹப்பிலேயே மலிவான பொருள் அதுதான். உங்கள் மாதிரி சைக்கிளில் வழக்கமாகப் பின் சக்கரத்துக்கு 1/4 இன்ச் குண்டு, பக்கத்துக்கு 9. முன் சக்கரத்துக்கு 3/16 இன்ச், பக்கத்துக்கு 10. ஆனாலும் கழற்றும்போது கீழே ஒரு தட்டு வைத்து, விழுவதை எண்ணிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு தொலைந்திருக்கலாம். பழைய குண்டில் நல்லதைப் பொறுக்கிப் புதியதோடு கலக்காதீர்கள். தேய்ந்தது மயிரிழை சிறியதாக இருக்கும், பாரம் முழுக்கப் புதியதன்மேல் விழும். ஒரே பாக்கெட்டில் இரண்டு கூடுதலாகவே வாங்குங்கள், ஒன்றாவது உருண்டோடும்.

குண்டுகளை வளையம் போன்ற கூட்டில் பொருத்தி வரும் செட்டைக் கடையில் நீட்டுவார்கள். பூட்டுவது சுலபம், உண்மைதான். ஆனால் கூடு இடத்தைப் பிடித்துக்கொள்வதால் குண்டு குறைகிறது. சுமை ஏற்றும் சைக்கிளுக்கு உதிரிக் குண்டுதான் என் தேர்வு.

கிரீஸுக்கு வருவோம். 'ஓவராயில்' என்று சொல்லிப் பழகியதாலோ என்னவோ, ஹப் துளையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் வேலை முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். அது ஓவர்ஹால் என்ற சொல் நம் வாயில் திரிந்தது. பிரித்து, கழுவி, பூட்டினால்தான் ஓவராயில். எண்ணெய் உள்ளே இருக்கும் கிரீஸை இளக்கி வெளியே தள்ளிவிடும். டீசலில் கப்பையும் கோனையும் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, லித்தியம் கிரீஸ் (நம்பர் 2) வாங்கிக் கப் நிறையத் தடவுங்கள். குண்டுகளை அதில் பதித்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லாம் பதிந்த பிறகு கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். இடமிருக்கிறதே என்று இன்னொன்றை நெருக்கித் திணிக்காதீர்கள்.

கோனை விரலால் முழுக்க இறுக்கி, ஒரு துளி தளர்த்தி, ஸ்பானரால் கோனைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை முறுக்குங்கள். அச்சை விரலால் சுற்றினால் உறுத்தாமல் சுற்ற வேண்டும், அசைத்தால் ஆடக்கூடாது. இரண்டும் சேர்ந்து அமையும்வரை மூன்று நான்கு முறை திருத்த வேண்டியிருக்கும், அது எல்லோருக்கும் நடப்பதுதான். கடையில் கொடுத்துச் செய்தால், கழற்றிய கோனையும் குண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.