வால் துண்டு – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஷுக்தோ என்கிற வங்காளக் கசப்புக் காய்க்கறியைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். நான் திருநெல்வேலிக்காரி, கணவர் வங்காளி. புனேயில் இருவருக்கும் வேலை. மாமனாரும் மாமியாரும் போல்பூரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. மாமியார் காலையிலிருந்து இரவு வரை அடுக்களையில்தான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகே உட்காருகிறார். கூப்பிட்டால் பசியில்லை என்கிறார். சமைக்கும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு! எனக்கோ அடுப்பருகே போனாலே எரிச்சல், சில நாள் அழுகை. என்னிடம் பெண்மை குறைகிறதா? அவரிடமிருந்து அதை எப்படிக் கற்றுக்கொள்வது? இன்னொன்று, கசகசா விற்கிற விலைக்கு, உருளைக்கிழங்கில் கசகசா அரைத்துப் போடுகிற ஆலு போஸ்தோவில் பாதி முந்திரி அரைத்துப் போடலாமா?

வி., புனே

*

அன்புள்ள வி.,

பெண்மை குறைகிறதா என்ற கேள்வியை இங்கேயே விட்டுவிடுகிறேன். வேலைக்குப் போய்விட்டு வந்து அடுப்பின் முன் நிற்கிறவளுக்கு எரிச்சல் வராவிட்டால்தான் ஆச்சரியம். அழுகை மட்டும் வாரக்கணக்கில் நீண்டால் டாக்டரிடம் போங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை உட்கார வைத்தது. ‘பசியில்லை என்கிறார்.’ மூன்று மாதமாகவா? நாள் முழுக்க நின்று வேலை செய்கிற ஒரு மனுஷிக்கு? நீங்களும் நம்பிவிட்டீர்கள், இல்லையா?

போன வாரம்தான் வங்காள எழுத்தாளர் ராஸசுந்தரி தேவியின் தன்வரலாற்றை மறுபடி எடுத்தேன். 1876இல் வெளிவந்தது. பன்னிரண்டு பிள்ளை பெற்றவர். சுவடியிலிருந்து ஒரு ஏட்டை உருவி அடுக்களையில் ஒளித்துவைத்து, யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கற்றவர். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு மறக்காதது வேறொரு இடம். சோற்றில் கை வைக்கப்போகிற நேரத்தில் விருந்தாளி வருகிறார், சோறு அவருக்குப் போகிறது. அப்புறம் பிள்ளை அழுகிறது. இப்படியே பொழுது போய்விடுகிறது. அவர் சாப்பிடவில்லை என்பது அத்தனை பெரிய வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மீன் துண்டு எந்தத் தட்டுக்குப் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ரோகுவோ காத்லாவோ, தலை வீட்டுப் பெரியவருக்கு, மாப்பிள்ளை வந்திருந்தால் அவருக்கு. ‘பெட்டி’ என்கிற வயிற்றுத் துண்டு, கொழுப்போடு நல்ல ருசி, பையனுக்கு. முதுகுத் துண்டு, முள் நிறைய, மற்றவர்களுக்கு. ‘லேஜா’, அதாவது வால், சமைத்தவளுக்கு. கேட்டுப் பாருங்கள், ‘எனக்கு வால்தான் பிடிக்கும்’ என்பார். எத்தனையோ வங்காளி வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன், வால் பிடிக்கும் என்று சொன்ன ஓர் ஆணை இதுவரை பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கு எந்தத் தோசை பிடிக்கும்? கல்லில் ஒட்டிப் பிய்ந்துபோன முதல் தோசைதானே?

1990களின் கடைசியில் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் குடியிருந்தேன். தமிழர்கள் நிறையப் பேர் இருந்த பகுதி, முருங்கைக்காயும் வாழையிலையும் தேடி அலைய வேண்டியதில்லை. கீழ்வீட்டு மாஷிமா (வங்காளத்தில் சித்தி, பெரியம்மாவை அழைக்கிற பெயர்) முப்பத்தொன்றில் கணவரை இழந்தவர். மீன், இறைச்சி, முட்டை, வெங்காயம், பூண்டு, ஏன், மசூர் பருப்புகூட அவருக்கு விலக்கு. பருப்பு என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். ‘உடம்புக்குச் சூடாம்’ என்றார். விதவைக்குச் சூடு கூடாது, அவ்வளவுதான். விதவை மறுமணம் செய்யலாம் என்று 1856இலேயே சீர்திருத்தவாதி வித்யாசாகர் போராடிச் சட்டம் கொண்டுவந்துவிட்டார். சட்டம் அடுக்களைக்குள் வரவில்லை.

மாஷிமாவின் பேரனுக்கு இலிஷ் மீன் என்றால் உயிர். ஆனால் முள்ளுக்குப் பயம். மாஷிமா கடுகு அரைத்துப் போட்டு, ருசி பார்க்காமலே, தனி அடுப்பில் வைத்துக் கொடுப்பார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுப்பார். இலிஷ் முள் மயிரிழை போலிருக்கும், கண்ணால் பார்த்து எடுக்க முடியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மீனை மெல்லத் தேய்த்துத் தேய்த்து, முள் தட்டுப்படுகிற இடத்தில் நிறுத்தி உருவுவார். கடைசி வாய் ஊட்டிய பிறகு எழுந்திருக்க மாட்டார். ஒருநாள் நான் படி இறங்கியபோது, மஞ்சளும் கடுகெண்ணெயும் ஒட்டிய விரல்களை மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து குழாயடிக்குப் போனார். மூன்று முறை சோப்புப் போட்டார்.

அவருடைய சைவச் சமையலைச் சொல்லி மாளாது. சுரைக்காய்த் தோல் வதக்கல், வாழைப்பூ, வாழைத்தண்டு, கடலைப்பருப்பை அரைத்து வில்லை போட்டுச் செய்கிற தோகா. தோகா என்றால் ஏமாற்று என்று அர்த்தம், பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. இதையெல்லாம் இப்போது ‘விதவைகளின் கலை’ என்று கொண்டாடுகிறார்கள். தட்டுப்பாடு ஒரு மேதைமையைப் பெற்றெடுத்ததாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பூட்டிவைக்கப்பட்டவள் உள்ளே அழகாகக் கோலம் போட்டாள் என்பதற்காகப் பூட்டைப் புகழ்வீர்களா? கோலத்தைப் புகழுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நானே அந்தத் தோகாவை நாலு வில்லைக்குக் குறையாமல் சாப்பிட்டிருக்கிறேன்.

உங்கள் மாமியாருக்கு இது பொருந்தாது. மாமனார் நன்றாக இருக்கிறார், நூறாண்டு இருக்கட்டும். ஆனால் அந்த நிறைவான முகத்தைப் பார்த்துப் பொறாமைப்படும் முன் அவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், தட்டில் என்ன மிச்சமிருந்தது என்று பாருங்கள். நிறைவு பொய் என்று நான் சொல்லவில்லை. பசியும் பொய்யில்லை. இதைக் கவனிக்காமல் அவரிடம் பெண்மை கற்றுக்கொள்ளப் போகிறீர்களா? கடவுளே.

கசகசாவுக்கு முந்திரி போடாதீர்கள். அது போஸ்தோ இல்லை, ஓட்டல் குருமா. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அபினுக்காகப் பயிர் செய்யவைத்து, பால் எடுத்தபின் மிஞ்சிய விதையைத்தான் வங்காளத்தின் பீர்பூம், பாங்குராப் பெண்கள் சமைக்கத் தொடங்கினார்கள் என்பார்கள். இன்று அதைத் துருக்கியிலிருந்து இறக்குமதி செய்து, யானை விலைக்கு விற்கிறோம். குறைவாகவே போடுங்கள். ஊறவைத்துப் பச்சை மிளகாயோடு அரைத்து, இறக்கும்போது பச்சைக் கடுகெண்ணெய் ஒரு கரண்டி விட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மீன் எடுத்தால் நீங்கள் பரிமாறுங்கள். பெட்டி மாமியாருக்கு. வாலை உங்கள் கணவர் தட்டில் வையுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டும்.

அன்புடன்,
அக்கா