விபத்தில் கழுத்து வலி, நஷ்ட ஈடு: வாசகர் கேள்வி - பதில்

பதில் அளிப்பவர்கள்: எலும்பு முறிவு மருத்துவர் ஒருவர், மோட்டார் வாகன விபத்து வழக்கறிஞர் ஒருவர்

சிக்னலில் நின்றிருந்த என் காரின் பின்னால் ஒரு வேன் மோதியது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. பம்பருக்குப் பணம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறதாம். பிறகு ஏன் இந்த வலி?
- வாசகர், செங்கல்பட்டு

மருத்துவர்: எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். உங்களுக்கு அடி பட்டிருப்பது தசையிலும், எலும்புகளைப் பிணைக்கும் நார்களிலும், முள்ளெலும்புகளின் பின்பக்கச் சிறு மூட்டுகளிலும். பின்னாலிருந்து இடிக்கும்போது சீட் உடம்பை முன்னே தள்ளுகிறது. தலை அதோடு சேர்ந்து வராமல் பின்னால் சாய்ந்து, அடுத்த நொடியே முன்னால் வந்து விழுகிறது. இதைத்தான் விப்லாஷ் என்கிறோம். வலியும் இறுக்கமும் ஏற ஒரு நாள் ஆகும், சிலருக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். 'கழுத்தின் இயல்பான வளைவு குறைந்துள்ளது' என்று ரிப்போர்ட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம். தசை இறுகினாலும், படம் எடுக்கும்போது நின்ற விதத்தாலும் அப்படித் தெரியும்.

எலும்பு முறிவு இல்லை என்று உறுதியான பிறகு, கழுத்துப் பட்டையை (காலர்) வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரியாதீர்கள். தசை பலம் இழந்து, விறைப்பு நிலைத்துவிடும். வலிக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு, தாங்கும் அளவுக்கு இரு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பழகுங்கள். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும். (கேஸுக்காகக் காலர் போடுகிறவர்கள் உண்டு. அதனால் கழுத்தும் கெடும், கேஸும் கெடும்.)

கை மரத்தால் எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல் பக்கம் என்றால் பெரும்பாலும் ஆறாவது கழுத்து நரம்பு, நடுவிரல் என்றால் ஏழாவது, சுண்டுவிரல் என்றால் எட்டாவது. அதை டாக்டரிடம் சொல்லி ஓ.பி. சீட்டில் எழுத வையுங்கள். சட்டைப் பட்டன் போடக் கை தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு லேசான அடியானாலும் ஸ்கேன் அவசியம்.

விபத்து நடந்து நான்கு நாள் ஆகிவிட்டது. போலீஸில் சொல்லவில்லை. இனி வழக்குப் போட முடியுமா?
- வாசகி, ஓசூர்

வழக்கறிஞர்: முடியும். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று 2011-இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணம் மருத்துவச் சீட்டில் இருப்பதுதான் பலம்.

இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில், பதியச் சொல்லுங்கள். தேதி, நேரம், இடம், எந்த வண்டி எப்படி மோதியது, கழுத்தில் எங்கே வலி என்று எல்லாம் அதில் வர வேண்டும். எழுதுகிறவர் அவசரத்தில் 'வண்டியிலிருந்து விழுந்தார்' என்று முடித்துவிடுவது சகஜம். அந்த ஒரு வரி போதும். இன்னொரு வண்டி மோதவே இல்லை, நீங்களே விழுந்தீர்கள் என்று இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையை அங்கிருந்துதான் தொடங்குவார். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிறகு ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

நஷ்ட ஈடு கேட்கும் மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவின் மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். வக்கீலுக்கு வழியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.

காயச் சான்றிதழில் 'சாதாரணக் காயம்' என்று எழுதிவிட்டார்கள். நஷ்ட ஈடு கிடைக்காதா?
- வாசகர், திண்டுக்கல்

வழக்கறிஞர்: கிடைக்கும். யார் மேல் தப்பு என்று பார்க்காமல் 2.5 லட்சம் தரும் 164-ஆவது பிரிவுக்குத்தான் கொடுங்காயம் வேண்டும். 166-இல் சாதாரணக் காயத்துக்கும் கேட்கலாம், ஆனால் எதிர் வண்டி ஓட்டுநரின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். எலும்பு முறியாவிட்டாலும், 15 நாள் கடும் வலியில் கிடந்தாலோ வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான் என்கிறது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவு. அந்த 15 நாளுக்கு மருத்துவச் சான்றும் விடுப்புக் கடிதமும் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) பிதுங்கியிருக்கிறது. 'இது வயதால் வந்த தேய்மானம், விபத்தால் அல்ல' என்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. எனக்கு வயது 38, டைலர், மாதம் 15,000 சம்பாதிக்கிறேன். எவ்வளவு எதிர்பார்க்கலாம்?
- வாசகர், திருப்பூர்

மருத்துவர்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கழுத்து வலியே வராத பலருக்கும் உங்கள் வயதில் படம் எடுத்தால் தேய்மானம் தெரியும். அதனால் படத்தைவிட நேரில் பரிசோதித்துக் கண்டதுதான் கணக்கு. மரத்துப்போகும் விரலும், கையில் குறைந்த பலமும், படத்தில் பிதுங்கிய டிஸ்க்கும் ஒரே நரம்பைக் காட்டினால் வாதம் நிற்கும். முன்பு கழுத்துக்கு வைத்தியம் பார்த்திருந்தால் மறைக்காதீர்கள். பழைய சீட்டு வெளியே வந்தால் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள். வலி இருந்தாலும் விபத்துக்கு முந்தைய நாள் வரை மெஷினில் உட்கார்ந்தீர்கள் என்பதற்குக் கூலி ரசீதும் வருகைப் பதிவும் பேசும்.

வழக்கறிஞர்: மெடிக்கல் போர்டு தரும் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் வந்த இழப்பு வேறு. ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது. கண்ணாடி பார்க்கக் கழுத்தைத் திருப்ப முடியாத லாரி டிரைவருக்கும், நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் உங்களுக்கும், அதே விறைப்புள்ள ஒரு கடை முதலாளியைவிட இழப்பு அதிகம். தையலில் தலையை எத்தனை மணி நேரம் குனிந்திருக்க வேண்டும் என்பதைச் சாட்சியத்தில் சொல்ல வையுங்கள்.

திறன் இழப்பு 10 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால், ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் 36 முதல் 40 வயதுக்கு 15. எனவே 15,000 × 12 × 15 × 10 சதவீதம் = 2,70,000 ரூபாய். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 3,78,000. மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலி வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு மேல். நிரந்தர ஊனமே இல்லை என்று போர்டு சொன்னால் இந்தப் பெருக்கல் கிடையாது, மேலே சொன்ன மற்றவை மட்டும்தான். விப்லாஷ் வழக்குகளில் இதற்கும் தயாராக இருங்கள்.

லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமரசம் பேச அழைத்தால் போகலாம். ஆனால் சிகிச்சை முடியும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு இல்லை.

பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பைக் ஓட்டிய நண்பரின் தப்பால்தான் விபத்து. யாரிடம் கேட்பது?
- வாசகர், விழுப்புரம்

வழக்கறிஞர்: பாலிசியைப் பாருங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால், பின்னால் அமர்ந்தவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. வண்டிச் சொந்தக்காரரிடம்தான் கேட்க வேண்டிவரும். சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்து எடுத்த பாக்கேஜ் பாலிசி என்றால் இன்சூரன்ஸிடமே கேட்கலாம்.