கிருமி பாதி, நாம் பாதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால், தொற்று பற்றி வந்த கேள்விகளை ஆசிரியர் குழு மொத்தமாக என் பக்கம் தள்ளிவிட்டது. எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: புண்ணில் சீழ் பிடிக்கிறதே, அது முழுக்கக் கிருமிதானா?

இல்லை. பெரும்பகுதி உங்கள் சொந்தச் சரக்கு. சீழை ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, காயவைத்து, பாக்டீரியாவை நிறமேற்றிக் காட்டும் கிராம் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இளஞ்சிவப்பாக நெருக்கியடித்துக் கிடக்கும் வெள்ளணுக்கள்தான் முதலில் கண்ணில் படும். நியூட்ரோபில் என்ற வகை. உட்கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்திருக்கும். பாதி அணுக்கள் சிதைந்து போயிருக்கும். அவற்றுக்கு நடுவே கருஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகச் சின்ன உருண்டைகள் தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா.

வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் கிருமியின் பெயரைச் சொல்லிவிட்டு நிம்மதியாக நிமிர்வார்கள். "சரி, அது வெள்ளணுவுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா?" என்று கேட்பேன். மறுபடி குனிந்து பார்ப்பார்கள். உள்ளே இருந்தால் விழுங்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெள்ளணுவைத் துளைத்து உடைக்கும் நச்சுகளை ஸ்டெஃபைலோகாக்கஸ் சுரக்கும். அணு உடையும்போது அதற்குள் இருக்கும் நொதிகள் வெளியே கொட்டி, பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவையும் கரைத்துவிடும். கட்டி வீங்குவதும் விண்ணென்று தெறிப்பதும் கிருமி மட்டும் செய்கிற வேலை இல்லை. நம் உடல் பதிலுக்குச் செய்வதும் அதில் நிறைய உண்டு.

கேள்வி: கடுமையான தொற்றோடு மருத்துவமனையில் இருந்தபோது என் இரும்புச்சத்து மருந்தை டாக்டர் நிறுத்திவிட்டார். எனக்கு ரத்தசோகை உண்டு. இது சரியா?

உங்கள் டாக்டர் யோசித்துத்தான் செய்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீட்டுவேன்.

அனேகமாக எல்லாக் கிருமிகளும் பெருக இரும்பு வேண்டும். அதனால் உடல் அதைச் சும்மா திரிய விடுவதே இல்லை. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் லாக்டோஃபெரின் அதே வேலையைச் செய்கிறது. தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டும். உடனே குடல் செல்களும், பழைய சிவப்பணுக்களைச் சிதைக்கும் செல்களும் இரும்பை ரத்தத்துக்குள் விடாமல் தமக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும். இந்த நிலையில் நீங்கள் மாத்திரை விழுங்கினாலும் பெரும்பகுதி உள்ளே ஏறாது. ஊசி வழியாக ஏற்றினால் ஏறும். ஆனால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்பதுதான் பயம்.

கிருமி மட்டும் சும்மா இருக்குமா? ஈ.கோலை பாக்டீரியா எண்டரோபாக்டின் என்ற சின்ன மூலக்கூறை வெளியே அனுப்பும். டிரான்ஸ்ஃபெரின் பிடியில் இருக்கும் இரும்பையே பிடுங்கிவரும் அளவுக்கு அதற்குப் பலம் உண்டு. அதற்கும் நம்மிடம் பதில் இருக்கிறது. லிப்போகாலின்-2 என்ற புரதத்தை நியூட்ரோபில்கள் விடும், அது எண்டரோபாக்டினை இரும்போடு சேர்த்துக் கவ்விக்கொள்ளும். டைஃபாய்டு போன்ற நோய்களைத் தரும் சால்மோனெல்லா பாக்டீரியா இதையும் தாண்டிவிட்டது. அதே மூலக்கூறின் மேல் சர்க்கரையை ஒட்டவைத்து அனுப்புகிறது. சர்க்கரை ஒட்டியதும் லிப்போகாலினின் பிடிக்குள் அது பொருந்தாது. உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயைத் தரும் பாக்டீரியா இன்னும் பலே ஆள். இரும்பே வேண்டாமென்று மாங்கனீசை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது!

2006-இல் வெளியான ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். மலேரியா மிகுந்த பெம்பா தீவில் (தான்சானியா) குழந்தைகளுக்கு வித்தியாசம் பார்க்காமல் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்டவர்களில் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடியதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். ரத்தசோகைக்குச் சிகிச்சை கட்டாயம் வேண்டும். எப்போது ஆரம்பிப்பது என்பதை மட்டும் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: காலராக் கிருமி குடலை அரித்துவிடுவதால்தானே அவ்வளவு பேதி ஆகிறது?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அது குடல் சுவருக்குள் நுழைவதுகூட இல்லை, மேலே ஒட்டிக்கொண்டு நச்சை விடுகிறது, அவ்வளவுதான். 1959-இல் கொல்கத்தாவில் சம்புநாத் டே இதைக் காட்டினார். கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடல் துண்டுக்குள் செலுத்தினார். கிருமியே இல்லாமல் குடலில் நீர் கோத்துக்கொண்டது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்திருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை முடித்ததில்லை.

அந்த நச்சு குடல் செல்லுக்குள் ஒரு புரதத்தை நிரந்தரமாக இயங்கும் நிலையில் மாட்டிவிடுகிறது. குளோரைடு வெளியே கொட்டும், அதன் பின்னால் தண்ணீரும் போகும். மோசமான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம். கிருமிக்கு இதில் லாபம், கோடிக்கணக்கில் வெளியேறி அடுத்தவர் குடிக்கும் தண்ணீரில் கலந்துவிடலாம். சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வழியை மட்டும் இந்த நச்சு தொடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசல் உயிர் காப்பது அந்த வழியாகத்தான். உப்போடு சர்க்கரை எதற்கு என்று கேட்டிருந்த மாணவருக்கும் இதுவே பதில். இன்னொன்று, அந்த நச்சின் மரபணு காலரா பாக்டீரியாவின் சொந்தச் சொத்து இல்லை. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது.

கேள்வி: காய்ச்சல் உடம்புக்கு நல்லது, மாத்திரை போடக் கூடாது என்கிறார் நண்பர்.

உங்கள் நண்பர் பாதி சரி. காய்ச்சலைக் கிருமி ஏற்றுவதில்லை, மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதிதான் ஏற்றுகிறது. 1975-இல் அமெரிக்காவில் மேத்யூ க்ளூகர் குழுவினர் பாலைவன இகுவானாக்களுக்கு (ஒரு வகைப் பல்லி இனம்) பாக்டீரியாவைச் செலுத்தி, வெவ்வேறு வெப்பநிலையில் வைத்துப் பார்த்தார்கள். அவை தாமாக உடல் சூட்டை ஏற்றிக்கொள்ள முடியாத பிராணிகள். 40, 42 டிகிரியில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன, 34 டிகிரியில் இருந்தவை செத்தன.

ஆனால் நாம் இகுவானா இல்லையே. தீவிர சிகிச்சைப் பிரிவில் தொற்றும் காய்ச்சலுமாக இருந்த 700 பேரிடம் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. பாராசிட்டமால் கொடுத்ததால் குறிப்பிடும்படி நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலித்தால் அளவோடு போட்டுக்கொண்டு தூங்குங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, மூச்சுத்திணறல் என்றால் நண்பரையும் கேட்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: ஆளைக் கொன்றால் கிருமியும் சாகுமே. அப்படியானால் எல்லாக் கிருமியும் நாளடைவில் சாதுவாகிவிடுமா?

கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் அப்படி விதி எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் முயல் தொல்லை தாங்காமல் 1950-இல் மிக்ஸோமா வைரஸைப் பரப்பினார்கள். முதலில் தொற்றிய முயல்களில் 100-க்கு 99 செத்தன. வைரஸ் ஆய்வாளர் ஃபிராங்க் ஃபென்னர் தொடர்ந்து கவனித்தார். சில ஆண்டுகளில் கொஞ்சம் மெதுவாகக் கொல்லும் வகைகளே அதிகம் தென்பட்டன. காரணம் கொசு. முயல் பல நாள் உயிரோடு கிடந்தால்தான் அதைக் கடிக்கும் கொசுக்கள் அதிகம், வைரஸ் பரவவும் வழி. அப்படியும் அது சாதுவாகிவிடவில்லை. முயல்களுக்கு எதிர்ப்பு கூடக் கூட, பிற்கால வைரஸ்களில் மறுபடி வீரியம் ஏறியதையும் பார்த்திருக்கிறார்கள். டெட்டனஸ் கிருமியை எடுத்துக்கொண்டாலோ, அது பாட்டுக்கு மண்ணில் கிடக்கிறது. நாம் பிழைத்தால் என்ன, செத்தால் என்ன, அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கேள்வி: ஒரே வீட்டில் இருக்கிறோம். என் கணவருக்குக் காசநோய் வந்தது, எனக்கு வரவில்லை. எனக்கு எதிர்ப்புச்சக்தி அதிகமா?

இருக்கலாம். அல்லது கிருமி உங்களுக்குள்ளும் நுழைந்து அடங்கிக் கிடக்கலாம். உலக மக்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் வாழ்நாளில் நோயாக மாறுவது 100-இல் 5 முதல் 10 பேருக்குத்தான். விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளேயே செரிமானப் பையோடு சேராமல் தப்பித்து உட்கார்ந்திருக்கும் கிருமி அது. சுற்றிலும் மற்ற அணுக்கள் சுவர்போலக் கூடி அதை அடக்கி வைக்கும். சர்க்கரை நோய், எச்.ஐ.வி., ஊட்டக்குறைவு, ஸ்டீராய்டு மருந்து என்று எதுவும் அந்தச் சுவரைத் தளர்த்தலாம். வீட்டில் ஒருவருக்கு இருந்ததால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தடுப்பு மாத்திரை தேவையா என்றும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைக் கொடுத்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.