முல்கிக்கு வண்டி ஏறுமுன்: மாற்றுத்திறன் பிள்ளைகளோடு அலைச்சறுக்கு – கேள்வி பதில்

பெங்களூரில் ஏரி உண்டு, கடல் இல்லை. அதனால் சர்ஃபிங் என்றால் நம்மவர்கள் மங்களூருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முல்கிக்கு வண்டி ஏறுகிறார்கள். நான் பிள்ளைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். ஆறு வருஷமாகக் குளிர்காலத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளை அலைக்குக் கூட்டிப்போகும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. போன ஞாயிறு அல்சூரில் தமிழ் நண்பர்கள் கூடியபோது இந்த முறை வாலண்டியராக வருகிறோம் என்று பலர் பேர் கொடுத்தார்கள். அவர்களும் சில பெற்றோர்களும் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, எனக்கு நீச்சல் சுமார்தான், சர்ஃபிங் சுத்தமாகத் தெரியாது. வந்தால் பாரமாக இருப்பேனா? (மாரத்தஹள்ளி, ஐ.டி. வேலை)

வாங்க தம்பி. வேலை நடப்பது இடுப்பளவுத் தண்ணீரில், அலை உடைந்து நுரையாக வரும் இடத்தில். ஒரு பிள்ளைக்குக் குறைந்தது நாலு பேர் வேண்டும்: பலகையின் பின்னால் சர்ஃபிங் பயிற்சியாளர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், கரையோரம் பிடிக்க ஒருவர். இது போக, மணலில் நின்று தலை எண்ணுவதற்கென்றே ஓர் ஆள். உங்களுக்கு முதல் நாள் அந்த வேலைதான். போன் பேசக் கூடாது, அலையை ரசிக்கக் கூடாது. எத்தனை தலை உள்ளே போனது, எத்தனை திரும்பியது, அவ்வளவுதான் கணக்கு. சப்பென்று தோன்றும். எனக்கு அதைவிட முக்கியமான வேலை வேறெதுவும் தெரியாது.

தண்ணீரில் இறங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். பலகைக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். அலை தள்ளினால் ஒன்பதடிப் பலகை நேராக உங்கள் முட்டியிலோ வயிற்றிலோ வந்து மோதும். எப்போதும் பக்கவாட்டில் நில்லுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள், திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும். பயிற்சியாளர் 'வேண்டாம்' என்றால் வேண்டாம். 'கொஞ்சம் அனுசரித்துப் போங்க' என்கிற நம்ம ஊர்க் கன்னட 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி' கடலிடம் செல்லாது.

மேடம், என் பையனுக்கு ஒன்பது வயசு. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான், எட்டு மாசமாக வரவில்லை. கூட்டிப் போகலாமா? (ஸ்ரீராமபுரம், ஒரு அம்மா)

அம்மா, அதை நானோ நீங்களோ முடிவு செய்ய முடியாது. அவனைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் சரி என்றாலும் எனக்குப் பயம் கடலைவிட நம் இரவு பஸ்மீதுதான். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். ராத்திரி பூரா குலுங்கிவிட்டு விடிந்ததும் நேரே தண்ணீருக்குள் இறக்குவது வம்பை விலைக்கு வாங்குவது. ஷிராடி மலைப்பாதையில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள், மாத்திரையும் அதோடு வெளியே வந்துவிடும். அப்படியானால் திரும்பக் கொடுப்பதா வேண்டாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முன்னதாகவே போய், நன்றாகத் தூங்கி, மறுநாள் இறங்கட்டும்.

வாலண்டியர்களே, இந்தப் பிள்ளைக்குக் கை எட்டும் தூரத்தில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீரில் வலிப்பு வந்தால் முகம் மேலே இருக்கும்படி தலையைத் தாங்குங்கள். கை கால்களை அடக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். உதறல் கொஞ்சம் அடங்கியதும் கரைக்குக் கொண்டுவந்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் உடனே தெரியாது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள என் தங்கைக்கு என்ன கவனிக்கணும்?

கழுத்து. மேலிரண்டு எலும்புகளின் பிடிப்பு சிலருக்குத் தளர்வாக இருக்கும். தலைகுப்புற விழுவதும் கழுத்து வெட்டி இழுபடுவதும் கூடாது. சமீபத்தில் நடை மாறியிருந்தாலோ, கழுத்து சாய்ந்திருந்தாலோ, கை பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, கடலை மறந்துவிட்டு டாக்டரிடம் போங்கள். இதயத்தில் குறை உண்டா என்பதையும் படிவத்தில் எழுதுங்கள்.

செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), தலை நிற்காத பிள்ளையைப் பலகையில் எப்படி வைப்பது? (பிசியோதெரபி மாணவி)

தனியாக அல்ல. பயிற்சியாளர் பின்னால் படுத்தோ உட்கார்ந்தோ தாங்க, பிள்ளை முன்னால். ஆள் மயங்கினாலும் முகத்தை மேலே திருப்பும் வகை லைஃப் ஜாக்கெட் வேண்டும், சும்மா மிதக்க வைப்பது போதாது. அதைப் போட்டுக் குப்புறப் படுத்தால் கழுத்துப் பட்டை தாடையை நெட்டுகிறதா என்று நீச்சல்குளத்திலேயே பார்த்துவிடு. குளிர் ஏறினால் தசை விறைக்கும். விறைத்த காலைப் பிடித்து இழுக்காதே, கரைக்கு வந்து துண்டு சுற்று. பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். விழுங்கச் சிரமப்படும் பிள்ளையென்றால் வாயில் போகும் உப்புத் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடலாம். அதனால் முகத்தில் நுரை அடிக்காத சின்ன அலை மட்டும். கழுத்தில் மூச்சுத் துளை போட்டிருக்கும் பிள்ளைக்குக் கடலே கிடையாது, ஈர மணலில் உட்கார்ந்து காலை நனைக்கட்டும்.

மகனுக்கு ஆட்டிசம். தண்ணீரைக் கண்டால் ஓடுவான், லைஃப் ஜாக்கெட்டைத் தொட விடமாட்டான். (ஓசூர் ரோடு, ஒரு அப்பா)

சார், ஜாக்கெட்டைப் பத்து நாள் முன்பே வீட்டுக்கு வாங்கி வாருங்கள். முதலில் சோபாவில் கிடக்கட்டும். அப்புறம் டி.வி. பார்க்கும்போது ரெண்டு நிமிஷம், பிறகு குளிக்கும்போது. இறுக்கிப் பிடிக்கும் உடை சில பிள்ளைகளுக்குப் பிடித்துப் போவதும் உண்டு. பஸ், மணல், பலகை, அலை, துண்டு, சாப்பாடு என்று வரிசையாகப் படம் ஒட்டிக் காட்டுங்கள். உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் இவர்களுக்குக் கஷ்டம், ஆகவே 'துண்டு' படம் கட்டாயம். ஆபத்தும் பலகையில் இருக்கும்போது அல்ல, எல்லாரும் டீ குடிக்கும்போது. அவன் பஸ்ஸிலிருந்து இறங்கும் நிமிஷத்திலிருந்து அவனுக்கென்றே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

என் தப்பு ஒன்றையும் சொல்கிறேன். முதல் வருஷம் ஒரு பெண்பிள்ளை பலகையில் படுத்திருந்தாள். நல்ல அலை வருகிறதே என்ற ஆசையில் அவள் தலையாட்டுமுன் 'மூணு' எண்ணித் தள்ளச் சொல்லிவிட்டேன். விழவில்லை, அடிபடவில்லை. ஆனால் மீதி இரண்டு நாளும் பலகைப் பக்கமே வரவில்லை. எழுந்து நின்றால்தான் சர்ஃபிங் என்ற நினைப்பு எனக்கு அதோடு போயிற்று.

சென்னைக் கோவளத்திலும் சர்ஃபிங் இருக்கிறதே, தமிழிலேயே பேசலாமே?

நியாயமான கேள்வி. அங்கே மீனவப் பிள்ளைகளே பயிற்சியாளர்கள், கடல் அவர்களுக்கு வீட்டு முற்றம். மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்கு மரப்பாதை போட்டதும் நம்மவர்கள் போய்ப் பார்த்தார்கள். அடுத்த மாசமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது வேறு கதை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கம் மழையும் கொந்தளிப்பும். முல்கியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதே கதி. நாங்கள் போகும் ஜனவரி, பிப்ரவரியில் அங்கே அலை சின்னது.

முல்கியில் துளுவும் கன்னடமும் ஓடும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த, பேச்சு குறைவான பிள்ளைக்கு 'ஸ்டாப்' என்றால் ஒன்றும் ஏறாது, 'போதும்' என்றால் ஏறும். அதற்குத்தான் தமிழ் வாலண்டியர்களைத் தேடுகிறேன். அந்த வீட்டில் 'வேண்டாம்' என்பதற்கு என்ன சொல் என்று அம்மாவிடம் கேட்டு, அதைப் பயிற்சியாளருக்கும் கற்றுக் கொடுங்கள். போன வருஷம் ஒரு துளுக்காரப் பையன் நாள் பூரா 'புடி, விடு, போதும்' என்று கத்திக்கொண்டிருந்தான். காது கேளாத பிள்ளைகளுக்குக் கருவியைக் கழற்றியாக வேண்டும் என்பதால் அதே மூன்றும் கைசைகையில்.

முதலுதவி என்ன தெரியணும்?

மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், பிறகு முப்பது அழுத்தத்துக்கு இரண்டு ஊதல். மார்பை மட்டும் அழுத்தினால் போதாது. ஒருவர் 108-க்குப் பேசட்டும். அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும் இடத்தில் குளிக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் பெரும்பாலும் ஆளைக் கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டம் ஓடும். மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் நீந்துங்கள். காற்றே இல்லாமல் கடல் திடீரென்று பொங்கும் கள்ளக்கடல் எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும். அது வந்தால் அன்று கடற்கரையே கிடையாது.

போட்டோ எடுத்துப் போடலாமா?

பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் கூடாது. உடை மாற்றுவது பெற்றோர் வேலை. எந்தப் பிள்ளையோடும் எந்த வாலண்டியரும் தனியே இருக்கக் கூடாது, நானும்தான். 2012 போக்சோ சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இது உங்களுக்கும் பாதுகாப்பு.

யாரும் கேட்காத ஒன்று

ஸ்பைனா பைஃபிடா என்ற முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பிள்ளைகளில் பலருக்கு லேடெக்ஸ் எனும் ரப்பர் மரப்பால் ஒவ்வாமை உண்டு. பலூன், ரப்பர் கையுறை, நீச்சல் தொப்பி எதுவும் பக்கத்தில் வேண்டாம். காலில் உணர்ச்சியும் குறைவாக இருக்கலாம். பதினோரு மணி மணல் சுட்டாலும், பலகை உரசித் தோல் வழண்டாலும் அழ மாட்டார்கள். கரைக்கு வந்ததும் நீங்கள்தான் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

என்னென்ன எடுத்து வரணும் அக்கா?

முழுக்கை டீ-ஷர்ட், தொப்பி, ரெண்டு துண்டு. கிளம்பும் முன் ஒரு ஞாயிறு நீச்சல்குளத்தில் பிள்ளைகளைத் தூக்கி இறக்கிப் பழகுவோம், அதற்கு வராதவரை முல்கிக்கு ஏற்றமாட்டேன். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். போன தடவை ரெண்டு கண்ணாடி போயிற்று, அதில் ஒன்று என்னுடையது.