மழைத்தண்ணீரில் 5.8 காட்டினால் பிஹெச் மீட்டர் கெட்டதா?

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலேயே தக்காளித் தொக்கு, பூண்டு ஊறுகாய் போட்டு விற்கிறேன். ஆஸ்திரேலியாவில் பீர் காய்ச்சுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் அண்ணன் மகன், ஊருக்கு வந்தபோது புளிப்பை அளக்கும் தன் பழைய பிஹெச் மீட்டரைக் கொடுத்துவிட்டுப் போனான் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்). ஒரே தொக்கு, அடுப்பிலிருந்து இறக்கியதும் 4.1, மாலையில் 4.5 என்கிறது. வளவில் பிடித்த மழைத்தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். 7 வரவில்லை, 5.8 தான். புதிது வாங்கிவிடவா?

பதில்: மழைத்தண்ணீரை நம்பி மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் சுத்தமான மழைநீரே 5.6 பக்கம்தான் இருக்கும். உப்புச்சத்து மிகக் குறைவு என்பதால் எண்ணும் ஓரிடத்தில் நிற்காது. ஆர்ஓ தண்ணீரும் அப்படித்தான். மீட்டரைச் சோதிக்க, பிஹெச் இவ்வளவு என்று லேபிளில் போட்டு விற்கும் பஃபர் கரைசல்தான் வேண்டும்.

பழைய மீட்டர் என்கிறீர்களே, நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் காய்ந்து போயிருக்கும். அதற்கென்று விற்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஓர் இரவு ஊறவிடுங்கள். மூடியில் எப்போதும் அந்தக் கரைசலே இருக்கட்டும், வெறும் தண்ணீர் கூடாது. மறுநாள் முதலில் 6.86 பஃபர், அப்புறம் 4.01 பஃபரில் விட்டு மீட்டரை அந்தந்த எண்ணுக்குச் சரிசெய்யுங்கள். உங்கள் சரக்குக்கு 9.18 தேவையில்லை. சில மீட்டர்கள் 6.86-க்குப் பதில் 7.00 பஃபரை எதிர்பார்க்கும். மாற்றி வைத்தால் ஆரம்பமே தப்பு. கொஞ்சமாக டம்ளரில் ஊற்றிப் பயன்படுத்துங்கள், மிச்சத்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள். குமிழைத் துணியால் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் 6.86-ல் திரும்ப வைக்கும்போது 0.1-க்கு மேல் தள்ளிப் போனால் எலக்ட்ரோடின் (குமிழ் உள்ள அளக்கும் முனை) ஆயுள் முடிந்தது. நன்றாக வைத்திருந்தாலே அது ஓரிரு வருஷம்தான் உழைக்கும்.

சூட்டோடு அளப்பதை விடுங்கள். சூட்டைத் தானே ஈடுகட்டும் 'ஏடிசி' வசதி மீட்டரில் இருக்கிறதே என்பார்கள். அது சூட்டினால் எலக்ட்ரோடில் வரும் மாற்றத்தை மட்டும்தான் ஈடுகட்டும். பொருளின் பிஹெச்சே சூட்டில் மாறினால் அதற்கு ஒன்றும் செய்யாது. அண்ணன் மகனைக் கேளுங்கள்: பீருக்காக 65 டிகிரியில் இருக்கும் மால்ட் (முளைகட்டிய தானியம்) கூழை அப்படியே அளந்தால், ஆறவைத்து அளப்பதைவிட சுமார் 0.3 குறைவாகக் காட்டும். அவர்கள் குறிவைக்கும் 5.2 முதல் 5.6 வரை என்பது ஆறிய கூழின் கணக்கு. (நம் ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். தொக்கோடு நிற்போம்.)

எண்ணெய்தான் உங்கள் பெரிய எதிரி; குமிழில் படிந்தால் மீட்டர் குருடாகிவிடும். தாளிப்பைச் சேர்க்கும் முன்பே மாதிரி எடுங்கள். கெட்டியாக இருந்தால் 100 கிராமுக்கு 10 முதல் 20 மில்லி டிஸ்டில்டு வாட்டர் விட்டு மிக்ஸியில் அடித்து, ஆறவைத்து அளக்கலாம். பூண்டைக் கட்டாயம் அரைத்தே பாருங்கள்: சாறு புளித்திருக்கும், பல்லின் உள்ளே புளிப்பு ஏறியிருக்காது. 4.6-க்கு மேல் போனால் காற்றுப் புகாத பாட்டிலில் உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமி வளர இடம் உண்டு. மீட்டரே 0.1 முன்பின் இருக்கும்போது 4.5-ஐ நான் நம்ப மாட்டேன், 4.2-க்குக் கீழே வரும்வரை புளியோ வினிகரோ சேர்ப்பேன்.

புதிது வாங்கத்தான் வேண்டுமென்றால் திரையில் இரண்டு தசமம் தெரிவதைப் பார்த்து மயங்காதீர்கள். 4.37 என்று காட்டும் மலிவு மீட்டரின் பெட்டியிலேயே துல்லியம் ±0.1 என்று பொடி எழுத்தில் இருக்கும். எலக்ட்ரோடு தனியாகக் கழற்றி மாற்றும் மாடலா என்று கேளுங்கள். கூடுதல் விலை அதற்குக் கொடுத்தால் தகும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மீட்டர் வந்த நாளிலிருந்தே பஃபரில் விட்டால் எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. எலக்ட்ரோடுக்கு வாரண்டி கிடையாது என்று விற்றவர் கைவிரிக்கிறார். — தேவகோட்டை வாசகர்

பதில்: வாரண்டி வேறு, பழுதான பொருள் வேறு. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. 6.86 பஃபரில் விட்டும் எண் நிற்காமல் ஓடுவதை, பஃபரின் லேபிளும் திரையும் சேர்ந்து தெரிய வீடியோ எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.