கையைக் கடிக்காத கிறிஸ்துமஸ்: குடிலும் நட்சத்திரமும்

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் வருடம் தவறாமல், இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவள் நான். குறைந்த செலவில் வீட்டை எப்படி அலங்கரிப்பது என்று கேட்டிருந்தவர்களுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, கையில் 1000 ரூபாய்தான் இருக்கிறது. முதலில் எதை வாங்குவது?

சுரூபமும் (குடிலில் வைக்கும் சிலைகள்) விளக்கும். மற்றதையெல்லாம் வீட்டைச் சுற்றியே தேற்றிவிடலாம். சுரூபத்திலும் குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர் மூன்றை மட்டும் நல்லதாக வாங்குங்கள். ஆடு, மாடுகளுக்குக் கொலு பொம்மைக் கடையைப் பாருங்கள். நவராத்திரி முடிந்ததும் மிச்சம் இருப்பதை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். மதுரைக்காரர்களுக்கு விளாச்சேரி பக்கம்தான். கொலு பொம்மை செய்கிறவர்களே குடில் பொம்மையும் செய்கிறார்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் சனவரி 6-ஆம் தேதித் திருநாளுக்குத்தான் வரவேண்டியவர்கள். அவர்கள் அடுத்த வருடம் வந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. உயரத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள். ஒரு வருடம் எங்கள் குடிலில் ஆடு மாதாவின் தோளுயரம் நின்றது. இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கடையில் நட்சத்திரம் விலை அதிகம். வீட்டிலேயே செய்தால் நிற்குமா?

நிற்கும். கடையில் வாங்குவதைவிட அழகாகவும் இருக்கும். இரண்டடி நீளத்தில் மூங்கில் பிளாச்சு பத்து வேண்டும். ஐந்தைத் தரையில் போட்டு, பென்சிலை எடுக்காமல் நட்சத்திரம் வரைவோமே, அதே மாதிரி அடுக்கி, முனைகளையும் நடுவில் குறுக்கே வெட்டும் ஐந்து இடங்களையும் சணலால் கட்டுங்கள். இன்னொன்றும் இதே போல. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம்தான் வேலையே. உள்ளே குறுக்கு வெட்டும் ஐந்து இடங்களிலும் நாலு அங்குலக் குச்சி ஒவ்வொன்றை இரண்டு சட்டங்களுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். ஐந்தாவது குச்சி உள்ளே போனதும் தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்து எழும்பும். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்த நொடிக்காகவே.

காற்றாடித் தாளை மைதாப் பசையில் ஒட்டுங்கள். கீழே இரண்டு கால்களுக்கு நடுவில் ஒரு பக்கத்தை ஒட்டாமல் விட்டால் பல்பு மாட்டவும் கழற்றவும் வசதி. மேல்பக்கம் திறந்து விட்டால் மழை உள்ளே இறங்கும். டிசம்பரில் நம் ஊரில் மழையும் உண்டு, பனியும் உண்டு. அதனால் மொட்டைமாடியில் தொங்கவிடுவதென்றால் மேலே கண்ணாடி மாதிரியான பாலிதீன் தாளை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

கரண்ட் பில் எகிறிவிடாதா?

ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு, தினமும் ஆறு மணி நேரம், டிசம்பர் 1 முதல் சனவரி 6 வரை: மொத்தமே 2 யூனிட்தான். பழைய 60 வாட் குண்டு பல்பு என்றால் 13 யூனிட்டைத் தாண்டும். அதோடு அந்தச் சூட்டுக்குத் தாளும் கருகும்.

குடிலுக்குப் பச்சைப் புல் எப்போது விதைக்க வேண்டும்?

டிசம்பர் 14, 15 வாக்கில். முளைப்பாரி பார்த்தவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். கேழ்வரகோ கோதுமையோ ஓர் இரவு ஊறவைத்து, தட்டில் இரண்டு விரல் மண் பரப்பி நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் துணியை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும். பாசிப்பயறு வேண்டாம், நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். கேழ்வரகுதான் குட்டிப் புல்வெளி மாதிரி நிற்கும்.

மலைக்கு என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பழைய சிமென்ட் சாக்குத் தாளைத் தூசி தட்டிக் கசக்கி, நீர்த்த காவியும் கரித்தூளும் ஆங்காங்கே பூசினால் பாறைதான்.

பிளாஸ்டிக் மரம் வாங்கலாமா, சவுக்குக் கிளையே போதுமா?

என்னைக் கேட்டால் சவுக்குதான். அந்த வாசம் வந்தால்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ். ஆனால் முதல் தேதியே வெட்டிக்கொண்டு வந்தால் பண்டிகைக்குள் காய்ந்து வீடு முழுக்கக் கொட்டும். 22, 23-இல் வாங்கி, அடியைச் சாய்வாகச் சீவி, ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டு, இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்து, தினம் ஒரு செம்பு தண்ணீர் விடுங்கள். கடற்கரையில் வனத்துறை வளர்க்கும் சவுக்கில் கை வைக்காதீர்கள். தோப்பில் வெட்டு நடக்கும்போது கேட்டால் நுனிக்கிளை சும்மாவே கிடைக்கும்.

வாடகை வீடு. ஆணி அடித்தால் வீட்டுக்காரர் கத்துவார்.

ஜன்னல் கம்பி இருக்கிறதே! சணல் போதும்.

குடில்மேல் பஞ்சைப் பனியாகத் தூவி மெழுகுவத்தி ஏற்றலாமா?

கூடவே கூடாது. வைக்கோல், பஞ்சு, தெர்மாகோல் மூன்றும் குப்பென்று பிடிக்கும். மெழுகுவத்தியைத் தள்ளி ஒரு தட்டில் வையுங்கள். சீரியல் செட்டைப் படுக்கப் போகும் முன் அணைத்துவிடுங்கள். பெத்லகேமில் பஞ்சு மாதிரி பனி கொட்டிக் கிடந்ததாக வேதத்தில் எங்கும் இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஒரே அறை வீடு அக்கா. குடில் வைக்க இடமும் இல்லை, சுரூபமும் இல்லை.

1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர் புனித பிரான்சிஸ் வைத்த குடிலில் இருந்தவை தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. நீங்கள் பாதித் தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் வைக்கோலைப் பரப்பி ஜன்னல் திட்டில் வையுங்கள். 24-ஆம் தேதி இரவு பூசை முடிந்து வந்ததும் குழந்தை இயேசுவை மட்டும் அதில் கிடத்துங்கள். விரல் நீளச் சுரூபம் போதும், கோயில் வாசல் கடையிலேயே கிடைக்கும்.